திருவிருந்துக்கு அப்பமும் திராட்சை ரசமும் ஆயத்தம் செய்வது

இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்துக் கிறிஸ்தவ ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வதே திருவிருந்து. முதலில் ஆட்களை எண்ணுங்கள். அப்போஸ்தலர் பவுல் ஏறக்குறைய கி.பி. 55-இல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபம் (கடிதம்), இயேசுவின் வாழ்வைச் சொல்லும் சுவிசேஷங்களுக்கும் முந்தியது. கர்த்தருடைய பந்தியில் சிலர் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததை அதில் அவர் கண்டிக்கிறார். கடைசி வரிசையில் முழங்காலிடுகிறவருக்கும் அதே அப்பம் கிடைக்க வேண்டும். எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு கூட்டியே செய்யுங்கள். ஏற்காட்டில் கோடைவிடுமுறை ஞாயிறு என்றால் இன்னும் கூடுதலாக.

முதல் மூன்று சுவிசேஷங்களும் அந்தக் கடைசி இராப்போஜனத்தை, யூதர்கள் புளிப்பில்லா அப்பம் உண்ணும் பஸ்கா பண்டிகை விருந்தாகவே சொல்வதால், இங்கே சொல்வது புளிப்பில்லா அப்பம். 100 கிராம் கோதுமை மாவு, 60 மில்லி தண்ணீர், வேறொன்றும் வேண்டாம். பிசைந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். இரண்டு உருண்டையாக்கி, ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்து, முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்துங்கள். குத்தாவிட்டால் சப்பாத்திபோல உப்பி இரண்டாகப் பிரியும், துண்டு போட வராது. சிறு தீயில் சிவக்காமல் சுட்டு, சூடு ஆறுவதற்குள் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். ஆறினால் பொடிந்து கீழே சிந்தும். இந்த அளவு 200 பேருக்கும் மேல் போதும். ஏற்காட்டு மூடுபனியில் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்திலேயே ஈரமேறித் துவண்டுவிடும்; இறுக மூடும் டப்பா அவசியம்.

கத்தோலிக்கத் திருப்பலிக்குப் புளித்த திராட்சை மதுவே வேண்டும். புளிக்காத சாறு பயன்படுத்தும் சபைகளுக்கே பின்வரும் முறை. சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் வழியை 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் திருவிருந்துக்காகவே செய்துகாட்டினார்.

பன்னீர் திராட்சை ஒரு கிலோவைக் காம்பு நீக்கிக் கழுவி, 200 மில்லி தண்ணீரோடு எவர்சில்வர் பாத்திரத்தில் தோல் வெடிக்கும்வரை சிறு தீயில் வேகவிடுங்கள். அலுமினியம் புளிப்போடு சேர்ந்து ருசியைக் கெடுக்கும். மிக்சியில் போட்டால் விதை அரைபட்டுத் துவர்க்கும். மெல்லிய துணியில் தானாக வடியவிடுங்கள். முக்கால் லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். மறுபடி சூடாக்கி, வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டிலில் சுடச்சுட ஊற்றி மூடுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாட்டில்களைக் கூடுதலாக ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சேலத்தின் சித்திரை வெயிலில், சூடாக்காமல் வெளியே வைத்த சாறு ஒரே இரவில் நுரை தட்டும், திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

தனிக் கிண்ணம் என்றால் ஆளுக்கு 10 மில்லி. மூக்குள்ள கெண்டியால், முக்கால் அளவே ஊற்றுங்கள். விளிம்புவரை நிரப்பினால் முதியவர்கள் கையில் தளும்பும். பொதுப் பாத்திரம் என்றால் ஒவ்வொருவருக்கும் பின் விளிம்பைத் துடைத்துத் திருப்ப ஒரு வெள்ளைத் துணி வேண்டும்.

ஆசீர்வதித்தபின் மீந்ததை ஆயரும் உதவியவர்களும் பயபக்தியோடு உண்டு பருகி முடிப்பார்கள். ஆசீர்வதிக்காததைத் தனித் தட்டிலேயே வைத்திருங்கள், கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.