வறண்ட காலத்தில் வீட்டு நீரைச் சேமிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் மழை குறைந்து, வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட பகுதி தொடங்குவது சிங்கப்பூரில் வழக்கம். குழாயில் நீர் தடையின்றி வருவதால் வறட்சி நம்மைப் பாதிக்கவில்லை என்று எண்ணுவதே நாம் செய்யும் முதல் தவறு. 1869ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாத வறட்சி 2014 பிப்ரவரியில் நேர்ந்தபோதும் வீடுகளில் நீர் நிற்கவில்லை. புதுநீர் (கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர்), சுத்திகரித்த கடல்நீர் ஆகியவற்றின் உற்பத்தியை நாட்டின் நீர் வழங்கலைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் உயர்த்தி அதைச் சமாளித்தது. ஆனால் அவ்விரண்டுக்கும் மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. நாம் நீர் பெறும் மலேசியாவின் ஜொகூர் ஆற்றுக்குத் துணைநிற்கும் லிங்கியூ நீர்த்தேக்கத்தின் அளவு 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியதையும் மறந்துவிடக்கூடாது. 1963-64இல் நீர்ப் பங்கீட்டை அனுபவித்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அடுத்த தவறு செடிகளைப் பற்றியது. தாழ்வாரத்தில் துளசியும் கறிவேப்பிலையும் வளர்ப்பவர்கள், வெயில் கடுமையாகிவிட்டதென்று பதறி, தினமும் இரண்டு வேளை மேலோட்டமாக நீர் தெளிக்கிறார்கள். வறண்டு இறுகிய மண் நீரை உள்ளே விடுவதில்லை. அது தொட்டியின் ஓரமாகவே இறங்கித் தட்டில் சேர்கிறது, வேருக்கு எதுவும் கிடைப்பதில்லை. மண்ணை முதலில் கிளறிவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் மெதுவாக, ஆழம்வரை நனையும்படி ஊற்றுங்கள். மறுநாள் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று ஊற்றத் தேவையில்லை. வேரில் நீர் தேங்கினால் கறிவேப்பிலை அழுகிவிடும் என்பதால் இது செடிக்கும் நல்லது. அரிசி, காய்கறி கழுவிய நீரே பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் இறுதி அலசல் நீரையோ மழைநீரையோ வாளிகளில் பிடித்து, மூடாமல் நாள்கணக்கில் வைத்துவிடுகிறோம். நம் தட்பவெப்பத்தில், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுவளர்ச்சி பெற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதன் முட்டைகள் வாளியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரே இல்லாமல் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியவை. ஆகவே நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். சேமித்த நீரை அன்றே பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் இறுக மூடுங்கள். பூந்தொட்டித் தட்டுகளுக்கும் இதே கவனம் தேவை. சேமித்த சில லிட்டர் நீருக்காக ஒரு குடும்பம் டெங்கியால் துன்பப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குளியலை ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பதும், பாத்திரங்களை ஓடும் நீரில் கழுவாமல் தொட்டியில் நீர் பிடித்துக் கழுவுவதும் பலரும் அறிந்தவையே. ஒருவரின் அன்றாட வீட்டுப் பயன்பாட்டை 2030க்குள் 130 லிட்டருக்குக் குறைப்பது நாட்டின் இலக்கு.

ஆனால் குளியலில் கண்டிப்பாக இருக்கும் வீடுகளிலும் கழிப்பறைத் தொட்டி ஓசையின்றி இரவுபகலாகக் கசிந்துகொண்டிருக்கலாம். தொட்டி நீரில் சில துளி உணவுச் சாயத்தை விட்டு, அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி. பெரும்பாலும் அடைப்பானின் ரப்பர் தேய்ந்திருக்கும், அதை மாற்றினால் சரியாகிவிடும். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் வீட்டுக்கு வெளியே உள்ள நீர்மானி சுழன்றால், வேறெங்கோ கசிவு உண்டென்று கொண்டு, உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள்.