14 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு கல்யாணக் கொண்டையும்: மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கோவையில் ஒரு பார்லரில் அதிகாலை மூன்று மணிக்குக் கொண்டை போட்டுக்கொண்டு, ஆறரை மணி முகூர்த்தத்துக்கு மலையேறி வந்த மணப்பெண் ஒருத்தியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை கார் இருக்கையில் ஒருமுறை இடித்திருக்கிறது. மலையடிவாரத்துக் கல்லாற்றில் பணியாரமாக இருந்த கொண்டை குன்னூரில் தோசையாக இறங்கியது. மண்டபத்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து இருபது நிமிடத்தில் மறுபடி கட்டிக் கொடுத்தேன்.

நீலகிரியில் 18 ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். கொண்டை சரிந்துவிட்டால் வீட்டார் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: "இவளுக்குப் பட்டு மாதிரி முடி, நிற்காது." முடியின் மேல் பழி போடுவது எளிது, அதற்கு வாய் கிடையாது. ஆனால் நான் பார்த்தவரை, கொண்டையைத் தேர்ந்தெடுத்த அன்றே தவறு நடந்து முடிந்திருக்கும். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி "இதே போல வேண்டும் அக்கா" என்பார்கள். அந்தப் படம் ஏசி அறையில், கொண்டை போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு யார் காலிலும் விழவில்லை, யாரும் அவளுக்கு மாலை போடவில்லை. உங்கள் கொண்டையோ அதிகாலை நான்கு மணி முதல் பந்தி முடியும்வரை பனியிலும் புகையிலும் உறவினர் கைகளிலும் பிழைத்திருக்க வேண்டும். எப்படித் தெரிகிறது என்பதற்கு முன்னால், எதன் மேல் நிற்கிறது, யார் தொடப்போகிறார்கள், வெளியே என்ன வானிலை என்று கேட்க வேண்டும்.

முதலில் வானிலை. மஞ்சு இறங்கும் ஊரில் சுருள் சுருளாகத் தொங்கவிடும் அலங்காரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 1783-இல் ஜெனீவா அறிஞர் சோசூர் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றி எழுதியபோது, அதற்குள் அவர் வைத்திருந்தது மனிதத் தலைமுடி. ஈரம் ஏறினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். முழு வறட்சிக்கும் முழு ஈரத்துக்கும் இடையே நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வரை நீளம் மாறும். கர்லிங் ராடு செய்வதெல்லாம் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சூட்டில் அவிழ்த்துப் புதிய வடிவில் கட்டுவதுதான். அந்த முடிச்சை அவிழ்க்கத் தண்ணீர் போதும், மஞ்சும் தண்ணீர்தான். ஐப்பசியில் கோத்தகிரி மண்டப வாசலில் கால் மணி நேரம் நின்றால், முந்நூறு ரூபாய் ஸ்பிரே அடித்த சுருளும் நூலாகத் தொங்கிவிடும்.

வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் கொடைக்கானலையும் நனைக்கும். கூடலூர்ப் பக்கமும் ஊட்டியும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கில் ஊறும். ஆகவே ஆவணி, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் சூட்டை நம்பாதீர்கள். பின்னியதும் முறுக்கியதும் நிற்கும், சுருட்டியது நிற்காது. மெல்லிய பின்னல்களைச் சுற்றிக் கட்டிய கொண்டை ஈரத்தில் எளிதில் அவிழாது. தை மாதத்தில் கதை தலைகீழ். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அப்போது உறைபனி விழும், காற்று காய்ந்திருக்கும். பிளாஸ்டிக் சீப்பும் கம்பளிச் சால்வையும் பட்டால் முடி ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். மரச்சீப்பும் உள்ளங்கையில் தேய்த்த ஒரு சொட்டு எண்ணெயும் அதற்குப் போதும்.

இந்தக் குளிரில் இன்னொரு வம்பு உண்டு. நலங்கு வைத்து, எண்ணெய் தேய்த்து, விடியற்காலையில் தலைக்கு ஊற்றிவிட்டு, ஈரம் சொட்டும் முடியோடு என் முன்னால் வந்து உட்காருவார்கள். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் காயும் முடி, மலையில் மூன்று மணி நேரமானாலும் அடியில் ஈரமாகவே இருக்கும். ஈர முடி இழுத்தால் ரப்பரைப் போல நீளும், எளிதில் அறுந்தும் போகும். அதை இழுத்துக் கட்டிக் கொண்டை போட்டால், காயும்போது சுருங்கி ஊசிகளெல்லாம் தளரும். உள்ளே நாற்றமும் தங்கும். முந்தைய நாள் மதியமே தலைக்குக் குளித்துவிடுங்கள். சடங்குக்காக அன்று காலையில் நீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் உச்சியில் ஒரு கை மட்டும் தெளித்துவிட்டு, மீதியைத் தோளுக்குக் கீழே ஊற்றச் சொல்லுங்கள். எந்தப் பாட்டியும் இதற்குச் சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை. சாம்பிராணிப் புகை காட்டி முடியை உலர்த்தியவர்கள் அந்தப் பாட்டிகள்தான், ஈர முடியின் சங்கடம் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது அடித்தளம். கொண்டை சரிந்தால் எல்லோரும் ஸ்பிரே டப்பாவைத் தேடுகிறார்கள். ஸ்பிரே பூச்சு மாதிரி, சுவரை அது தாங்காது. கழுத்துக்கு மேலே ஒரு கைப்பிடி முடியைத் தனியே எடுத்து, இறுக்கமான சின்னப் பின்னலாகப் பின்னி, வட்டமாகச் சுற்றிக் குத்திவிட வேண்டும். அதுதான் ஆணிவேர். சவுரி, பஞ்சு வளையம், பூ என்று பிறகு எதை வைத்தாலும் இந்தப் பின்னலில்தான் குத்த வேண்டும், வழுக்கும் முடியில் அல்ல. ஸ்லைடு குத்துவதிலும் பாதிப் பேர் தலைகீழாகத்தான் குத்துகிறார்கள். நெளிவுள்ள பக்கம் தலையோடு ஒட்ட வேண்டும், வழவழப்பான பக்கம் மேலே. இரண்டைப் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டினால் அந்த இடம் நகராது. கொண்டை ஊசியை நேராகச் செருகுவது வீண். முதலில் கொண்டையின் ஓரத்து முடியைக் கொஞ்சம் கவ்வி, பிறகு ஊசியைத் திருப்பி உள்நோக்கித் தள்ள வேண்டும்.

இறுக்கமே உறுதி என்று நினைக்கிறவர்களும் உண்டு. நெற்றிப் புருவம் மேலேறும் அளவுக்கு இழுத்துக் கட்டினால் ஒன்பது மணிக்குள் தலைவலி வரும். முகூர்த்தப் படங்களில் பெண் முறைப்பது மாப்பிள்ளையைப் பார்த்து அல்ல, பெரும்பாலும் உச்சந்தலையில் இருக்கும் ரப்பர் பேண்டு படுத்தும் பாடு.

இனி மேடை. சமவெளிப் பார்லரோ மலைப் பார்லரோ, பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். கழுத்தை ஒட்டிய தாழ்கொண்டை இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும், வரவேற்புக்கு. முகூர்த்தத்தில் முதலில் மாலை மாற்றுவார்கள். மூன்று முறை கழுத்தில் ஏறி இறங்கும் ரோஜா மாலையின் பின்பக்க நார் நேராகப் போய் தாழ்கொண்டையில் மாட்டும். அடுத்தது தாலி. மாப்பிள்ளை முடிச்சுப் போட, மூன்றாவது முடிச்சை நாத்தனார் பின்னாலிருந்து போடுவார். கெட்டிமேளம் முழங்கும் அந்த அரை நிமிடத்தில் கழுத்தின் பின்புறம் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே கொண்டையும் தொங்கும் மல்லிச் சரமும் இருந்தால், யாராவது ஒரு சித்தி அதைக் கையால் அள்ளித் தூக்கிப் பிடிப்பார். சித்தி தூக்கிய கொண்டை திரும்ப அதே இடத்தில் உட்காராது. முகூர்த்தத்துக்கு ஜடையே போதும், தூக்க வசதியாக இருக்கும். கொண்டைதான் வேண்டும் என்றால், காதின் மேல் விளிம்புக்குச் சமமாக வருகிற நடுக்கொண்டை கட்டுங்கள்.

நெற்றிச்சுட்டிக்கு நேர் வகிடு வேண்டும். பக்க வகிடு எடுத்துவிட்டுச் சுட்டியை நடுவில் வைத்தால் அது வகிட்டைத் தேடி நழுவிக்கொண்டே இருக்கும். ஜிமிக்கி மாட்டலுக்குக் காதின் பின்னே உறுதியான முடி வேண்டும். அந்த இடத்தைப் புசுபுசுவென்று தளர்த்தி விட்டால் ஜிமிக்கியின் பாரம் முழுவதும் காது மடலுக்குப் போகும். பெரும்பாலான பெண்கள் ஒத்திகைக்கு வெறுங்காதோடு வருகிறார்கள். நகையைக் கொண்டு வாருங்கள், தங்கமாக இருக்க வேண்டியதில்லை, அதே எடையுள்ள கவரிங் போதும். ரவிக்கையும் வேண்டும். முதுகு இறக்கமா, கழுத்தை மூடியதா என்பதைப் பார்க்காமல் கொண்டையின் உயரத்தை முடிவு செய்ய முடியாது.

ஒத்திகை முடிந்ததும் கண்ணாடியில் பார்த்துப் புன்னகைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பத்துப் பேர் காலில் விழுந்து எழுந்திருங்கள். கல்யாணத்தன்று அதைப் போல நான்கு மடங்கு விழப்போகிறீர்கள். மூன்று மணி நேரம் அப்படியே இருந்து பாருங்கள். எங்கே குத்துகிறது, எங்கே சரிகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தேவாலயத் திருமணம் என்றால் மாலையும் மூன்று முடிச்சும் பெரிதாகத் தொல்லை தராது, மணப்பெண் தலையில் அணியும் வலைத்துணியான நெட் தரும். நீளமான நெட்டை இன்னொருத்தி கால் மிதித்தால், இழுபடுவது தலை. நெட்டின் சீப்பைக் கொண்டைக்கு மேலே குத்தாமல், கொண்டைக்கு அடியில் நான் சொன்ன ஆணிவேர்ப் பின்னலில் குத்துங்கள். ஊட்டியின் மேட்டுத் தேவாலய வாசல்களிலும், கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் மாதிரியான திறந்த இடங்களிலும் காற்று எந்த மதம் என்று பார்த்து அடிப்பதில்லை.

பூவுக்கு வருவோம். மலையில் மல்லி விளைவதில்லை. இங்கே நீலகிரிக்குச் சத்தியமங்கலத்திலிருந்தும், கொடைக்கானலுக்கு நிலக்கோட்டையிலிருந்தும் ஏறி வருகிறது. தையில் சமவெளியிலும் குளிர், செடியில் மொட்டு குறைவு, முகூர்த்தம் அதிகம். கிலோ விலை ஆயிரங்களைத் தாண்டும். அன்று காலை மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டுக் கடைசியில் பழுத்த பூவோடு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முன்கூட்டியே சொல்லி வைத்து, முந்தைய மாலை வரவழைத்து, வாழையிலையில் பொதிந்து வையுங்கள். ஃப்ரிட்ஜின் ஐஸ் சுவரில் ஒட்டினால் கருகும். தண்ணீர் தெளித்துக் கனக்க வைப்பதும் வேண்டாம், ஐந்து முழம் ஈரப் பூ கொண்டையைக் கீழே இழுக்கும். கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் கார்னேஷன் தண்ணீர் இல்லாமலும் நாள் முழுக்க முகம் வாடாது. ஜெர்பெராவும் கிடைக்கும், ஆனால் காம்பு கனம். சாலையோர ஹைட்ரேஞ்சியா ஆசையைத் தூண்டும், பறித்த ஒரு மணி நேரத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிடும். மல்லியைக் கொண்டையைச் சுற்றி ஒற்றை வளையமாக வைத்து, பக்கத்தில் மூன்று கார்னேஷன் குத்துவது என் வழக்கம். சில அம்மாக்களுக்கு இது பிடிக்காது, "தலை நிறையப் பூ இல்லையே" என்பார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை, இன்னொரு முழம் வைத்துவிடுவேன்.

சால்வையையும் ஸ்வெட்டரையும் மறக்கக் கூடாது. கொண்டை போடும்போது முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அணிந்திருங்கள். தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டர் ஒரே இழுப்பில் இரண்டு மணி நேர வேலையை எடுத்துவிடும். காரிலிருந்து கோயில் வாசல் வரை குளிரும் என்று அத்தை தலைக்கு மேல் சால்வையை மூடுவார். தோளோடு நிறுத்தச் சொல்லுங்கள். மப்ளரோடு நிற்கும் மாமாக்களிடம் குடை கேளுங்கள், தலைக்கு மேல் குடை பிடித்தால் பனியும் விழாது.

ஸ்பிரே பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. டப்பா குளிரில் இருந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, புகையாக வராமல் துளித்துளியாகத் துப்பும். அதைச் சூடேற்றுகிறேன் என்று கரி அடுப்பின் பக்கத்தில் வைக்கப் போன ஒரு பெரியம்மாவின் கையிலிருந்து நான் பிடுங்கியிருக்கிறேன். அதில் இருப்பது எரியும் வாயு. அறைக்குள் வைத்திருந்தாலே போதும். குத்துவிளக்குக்குப் பக்கத்திலும் ஹோமம் தொடங்கிய பிறகும் 'ஒருமுறை அடித்துவிடுகிறேன்' என்பதே கூடாது. சவுரி செயற்கை இழையாக இருந்தால் சூட்டில் உருகும், கர்லிங் ராடும் அதன் மேல் படக் கூடாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது மலையில் சாதாரணம். ராடு இல்லாமல் கட்ட முடியாத கொண்டையை எந்த மணப்பெண்ணுக்கும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

முடியை நேராக்குவது, சாயம் போடுவது இரண்டையும் கல்யாண வாரத்தில் செய்யாதீர்கள். நேராக்கிய முடி புதிதில் ஊசியை நழுவவிடும். சாயம் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று 48 மணி நேரம் முன்பே காதின் பின்னே தடவிப் பார்க்க வேண்டும்.

இரவு கொண்டையை அவிழ்ப்பதும் வேலைதான். அவசரத்தில் சீப்பை எடுக்காதீர்கள். முதலில் பூ, பிறகு ஊசி, பிறகு எண்ணெய். ஊட்டியில் தை மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக இருக்கும், ஏனென்றால் அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி உருக்கி, ஸ்பிரே பிடித்த முடியில் நன்றாகத் தடவி, விரலால் சிக்கெடுத்த பிறகுதான் சீப்பு. எத்தனை ஸ்லைடு குத்தினேன் என்று ஒரு சீட்டில் எழுதி மணப்பெண்ணின் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஒரு கல்யாணத்தில் 52 எழுதிக் கொடுத்தேன், 51 திரும்பி வந்தது. படுக்கை, தலையணை, மாப்பிள்ளையின் அங்கவஸ்திரம் எல்லாம் உதறியும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்தில் மாமியாரின் பாயசக் கரண்டியோடு அது வெளியே வந்தது. எப்படி அங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.