பிறந்த குழந்தைக்கு ஓஏஇ செவிப் பரிசோதனை செய்யும் முறை

நலமான உட்செவியின் புறமயிர்ச் செல்கள், தம்மை வந்தடையும் ஒலிக்கு விடையாகத் தாமும் மிக மெல்லிய ஒலியை எழுப்புகின்றன என்பதை 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டறிந்து வெளியிட்டார். அந்த ஒலியை அளப்பதே ஓஏஇ (OAE, செவியே எழுப்பும் ஒலி) பரிசோதனை.

குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழிந்த பின் இதைச் செய்வது நல்லது. அதற்கு முன் காதுக்குழாயில் மாவுபோன்ற படிவமும் நடுச்செவியில் நீரும் தங்கியிருந்து, நன்றாகக் கேட்கும் குழந்தையையும் தேறாததாகக் காட்டிவிடக்கூடும். குழந்தை பால் குடித்து உறங்கும் வேளையில், பேச்சும் மின்விசிறியும் நிறுத்தப்பட்ட அறையில், காதின் அளவுக்கேற்ற மென்முனையைக் கருவியில் மாட்டி, காதுமடலை மெதுவாகக் கீழ்நோக்கிப் பின்னிழுத்து, இடைவெளியின்றிப் பொருந்துமாறு செருக வேண்டும். முனை சரியாக அமையாததும் இரைச்சலும் அடிக்கடி முடிவைக் கெடுப்பவை. ஆகவே, கருவியில் 'ரெஃபர்' (தேறவில்லை, மேற்பரிசோதனை தேவை) என்று வந்தால், முனையைத் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்க்காமல் பெற்றோரிடம் எதையும் அறிவிப்பது முறையன்று.

செவிநரம்புக் கோளாறு இக்கருவிக்குத் தெரியாது. ஆதலால், அக்கோளாறு இருக்கும் வாய்ப்பு மிகுந்த, தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு, ஓஏஇ தேறினாலும், ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்விடையை அளக்கும் பெரா (BERA) பரிசோதனையும் தேவை. முதற்கட்டச் சோதனை 1 மாதத்துக்குள்ளும், கேள்குறை உண்டா என உறுதிப்படுத்தல் 3 மாதத்துக்குள்ளும், சிகிச்சைத் தொடக்கம் 6 மாதத்துக்குள்ளும் நிகழ வேண்டும்.