நிப்பிளை மறக்கடிக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

வேப்பெண்ணெய் தடவாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். வேலூர்ப் பக்கம் "புள்ளைக்கு நிப்பிள நிறுத்தணும்" என்று வாயெடுத்தாலே முதலில் வருகிற யோசனை அதுதான். தாய்ப்பால் மறக்கடிக்க வேப்பெண்ணெயோ கற்றாழைச் சாறோ தடவுகிற வழக்கம் நம் வீடுகளில் ஆயா காலத்திலிருந்தே இருக்கிறது. அதே கையோடு ரப்பர் நிப்பிளுக்கும் தடவிவிடுகிறோம். (கடையில் பேசிஃபையர் என்று விற்பதைத்தான் சொல்கிறேன். நம் வீடுகளில் அது வெறும் நிப்பிள்.)

நானும் தடவினேன். அப்போது என் மகளுக்கு ஒரு வயது பத்து மாதம். மத்தியானத் தூக்கத்துக்கு முன் வாயில் வைத்தாள், முகம் சுளித்தாள், வெளியே எடுத்துப் பார்த்தாள். அழவில்லை. என் புடவையில் இரண்டு தரம் துடைத்தாள். திரும்ப வாயில் வைத்தாள், திரும்பவும் எடுத்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "ம்மா, கயுவு" என்றாள். அழுக்காகிவிட்டது, அம்மா கழுவித் தருவாள் என்று நினைத்திருக்கிறாள். கசக்க வைத்ததே அம்மாதான் என்பது அவள் புத்திக்கு எட்டவேயில்லை. அன்றைக்குக் கழுவித்தான் கொடுத்தேன்.

நிறுத்துவது சரிதான், நான் எடுத்த வழிதான் தவறு. குழந்தை எதை வைத்துத் தன்னை அமைதிப்படுத்திக்கொள்கிறதோ அதையே பயமாக மாற்றிவிட்டால், தூக்கம் வருகிற நேரத்தில் அதற்குப் பிடிமானமே இல்லாமல் போகிறது. மிளகாய்த்தூள் இன்னும் மோசம். உதடு எரியும், அதே கையால் கண்ணைத் தேய்த்தால் கண்ணும் எரியும். வசம்பை உரசித் தடவச் சொல்கிறவர்களும் உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர் இருந்தாலும், குழந்தையின் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள் அது.

நுனியைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் வெட்டிவிட்டால் சப்புகிற சுகம் போய்விடும், தானாகத் தூக்கிப் போட்டுவிடும் என்று ஒரு உபாயம் கைபேசியில் சுற்றி வருகிறது. செய்யாதீர்கள். வெட்டிய இடத்திலிருந்து ரப்பர் மேலும் கிழியும். கடைவாய்ப்பல் வந்த குழந்தை கடித்துத் துண்டாக்கிவிடும். அந்தத் துண்டு தொண்டையில் மாட்டினால் மூச்சு அடைக்கும். வெட்டாத நிப்பிளையே ஒவ்வொரு தரம் கொடுப்பதற்கு முன்பும் இழுத்துப் பார்த்து, விரிசல் தெரிந்தால் குப்பையில் போட வேண்டும். தொலையாமல் இருக்கட்டும் என்று கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவதும் அதே அளவு ஆபத்து. தூக்கத்தில் புரளும்போது கயிறு இறுகிவிடும்.

எந்த வயதில் நிறுத்துவது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நாலு மாதக் குழந்தையின் வாயில் பார்த்தவுடன் பதறிப் பிடுங்குகிறவர்கள் ஒரு பக்கம். முதல் ஒரு வயதுக்குள் தூங்கும் நேரத்தில் நிப்பிள் வைப்பது, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணத்தின் அபாயத்தைக் குறைக்கிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது. தாய்ப்பால் நன்றாகப் பழகிய பிறகு கொடுங்கள் என்பதுதான் அவர்கள் போடும் நிபந்தனை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நிப்பிளே வேண்டாம் என்று 1989-ல் சொன்ன உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும், 2018-ல் அந்த வரியை மாற்றி, அதைப் பயன்படுத்துவது பற்றியும் அதன் ஆபத்தையும் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று ஆக்கின. ஆகவே அந்த வயதில் கொடுத்த தாய் குற்ற உணர்வோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், "ஸ்கூல் போனா தானா நின்னுடும்" என்று நாலு வயது வரை விடுகிறவர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நிப்பிள் வாயிலேயே இருக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பது அதிகம். அதனால் ஆறு மாதத்திலிருந்தே தூக்கத்துக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டு வரலாம். மூன்று வயதைத் தாண்டினால் பல்லில் நன்றாகவே தெரிய ஆரம்பிக்கும். கடைவாய்ப்பல் சேர்ந்தாலும் முன்பல் மேலும் கீழும் தொடாமல் நடுவில் இடைவெளி நிற்கும். குழந்தை இட்லியைக் கூட முன்பல்லால் கடிக்காமல் ஓரத்தால் கடிக்கும், பார்த்திருப்பீர்கள். மூன்றுக்குள் நிறுத்திவிட்டால், லேசாக விழுந்திருக்கும் இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் முடித்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். சொன்னால் புரிகிற வயது, பல்லும் கெடாத வயது.

அடுத்தது நான் செய்த பெரிய தவறு. நிறுத்தின மூன்றாம் நாள், குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். வைகாசி முதல் தேதி, கத்திரி வெயில், பஸ்ஸில் நிற்க இடமில்லை. விருதம்பட்டில் ஆரம்பித்த அழுகை லத்தேரி தாண்டியும் நிற்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மா, "இன்னாம்மா இப்டி கத்த வுடற? தொண்ட கட்டிக்கப் போவுது. இருந்தா அத்த குடுத்துடும்மா" என்றார். என் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் ஒன்று இருந்தது. கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று இரவும் முதல் இரவைவிட நீளமாக அழுதாள். ஏன் என்று யோசித்தால் எளிதுதான். ஐந்து நிமிடம் அழுதால் கிடைக்காது, அரை மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று நானே கற்றுக்கொடுத்துவிட்டேன். பிடிவாதம் என்று நாம் சொல்வது பாதி இப்படி நாம் பழக்கினதுதான். முழுதாக நிறுத்திய பிறகு நிப்பிள் வீட்டிலும் பையிலும் இருக்கவே கூடாது. இருந்தால் கை போகும். குழந்தையின் கைக்கு முன்னால் நம் கைதான் போகும்.

அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்ததும் தவறுதான். ஊர்ப்பயணம், புது வீடு, தம்பி தங்கை பிறந்த சமயம், சளி காய்ச்சல் என்று குழந்தை ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் நாட்களில் ஆரம்பிக்காதீர்கள். பதினாறிலிருந்து இருபத்துநாலு மாதத்துக்குள் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும் தட்டம்மை - ருபெல்லா இரண்டாம் தவணையும் வரும். முத்தடுப்பு ஊசி போட்டால் காய்ச்சலும் கால் வலியும் வர வாய்ப்புண்டு. அந்த வாரத்தைத் தள்ளிப்போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெக்கையில் பெரியவர்களுக்கே தூக்கம் வராது. ஆடி ஆவணி வரை பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்காதது இன்னொன்று. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள் காலையில் குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு கம்பெனி வண்டி ஏறிவிடுகிறார்கள். இரவில் அம்மா கஷ்டப்பட்டு நிறுத்துவதைப் பகலில் ஆயா சமையல் வேலைக்கு நடுவில் கொடுத்துவிடுகிறார். இதில் ஆயாவைக் குறை சொல்லக் கூடாது. அறுபது வயதில் தனியாக இரண்டு வயதுக் குழந்தையைத் தூங்கவைக்க வேண்டிய உடம்பு அவருடையது. "குடுக்காத" என்று உத்தரவு போட்டுவிட்டு வேலைக்குப் போவதற்குப் பதில், முதல் நாலு நாளாவது அம்மாவோ அப்பாவோ லீவு போட்டுப் பகல் தூக்கத்துக்கும் கூட இருந்தால்தான் இது நடக்கும்.

எடுத்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிப்பிள் சும்மா இருக்கவில்லை, ஒரு வேலை செய்துகொண்டிருந்தது: தூங்க வைத்தது, அழுகையை அடக்கியது, புது ஆட்களைப் பார்த்த பயத்தை ஆற்றியது. அந்த வேலையை இனி யார் செய்வது என்று யோசிக்காமல் எடுத்தால் குழந்தை தானாக ஒன்றைத் தேடிக்கொள்ளும், பெரும்பாலும் கட்டைவிரல். விரலைத் தொலைத்துப் போடவும் முடியாது. சிலர் பால் பாட்டிலைக் கொடுத்துப் படுக்கவைக்கிறார்கள். இரவெல்லாம் பால் பல்லில் தங்கி, மேல் முன்பற்கள் அரித்துப் பழுப்பாகும். சர்க்கரையில் தொட்டுக் கொடுப்பதும் அதே வகைதான். தேனோ, ஒரு வயதுக்குள் ஒரு சொட்டும் கூடாது. பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சு உண்டாக்கும் கிருமி அதில் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் அந்த இடத்தை நிரப்பியது என் பழைய காட்டன் புடவையின் ஒரு முழத் துண்டு. அதோடு ஏணையைக் கட்டி ஆட்டாமல், பக்கத்தில் படுத்து முதுகில் மெல்லத் தட்டுவது. அன்றைக்கு நடந்ததைக் கதையாகச் சொல்வேன், பஸ்ஸில் பார்த்த ஆட்டுக்குட்டி உட்பட. இரண்டாம் தடவை, பகலில் விளையாடும் நேரத்தில் முதலில் நிறுத்தினேன், விளையாட்டுச் சாமான் கையில் இருக்கும்போது அவள் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து மத்தியானத் தூக்கம், கடைசியாக இரவு. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்களும் உண்டு, அதுவும் தவறில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதுதான் ஆகாது.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. "பெரிய புள்ள ஆயிட்ட, வெக்கமா இல்ல?" என்று உறவுக்காரர்கள் முன்னால் கேட்பது, "எதிர் வூட்டுப் பாப்பா பாரு" என்று ஒப்பிடுவது. இரண்டு வயதில் வெட்கம் என்றால் என்னவென்று தெரியாது, அம்மா முகம் சுளிப்பது மட்டும் தெரியும். பயந்தால் இன்னும் அதிகமாகச் சப்பத் தோன்றும். விருந்தாளிகளிடம் நாம்தான் குறுக்கே நின்று பேச்சை மாற்ற வேண்டும்.

மூன்று வயதுக்கு மேலும் நிற்கவில்லை, பல் இடைவெளி தெரிகிறது, அடிக்கடி காது வலி என்றால் குழந்தைப் பல் மருத்துவரையோ குழந்தை மருத்துவரையோ பாருங்கள். கூட்டிக்கொண்டு போகும் வழியில் "டாக்டர் ஊசி போடுவார்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரவிலும் நிறுத்திய ஒன்பதாம் நாள் அவள் கேட்டாள், "நிப்பி எங்க?" பூனை தூக்கிப்போச்சு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "அது பழசாயிடுச்சு, அம்மா தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் புடவைத் துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஆட்டுக்குட்டி சொல்லு" என்றாள்.