இண்டக்‌ஷன் அடுப்பு: வாட்டை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட், அடுத்து எத்தனை பட்டன், அப்புறம் விலை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை. சமையல் எப்படி வரும் என்பது பெரும்பாலும் அந்தக் காயிலைப் பொறுத்ததுதான், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இந்த அடுப்பில் நெருப்பும் கிடையாது, பழுக்கும் கம்பியும் கிடையாது. செம்புக் காயிலில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கும் மேல் திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது, அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைக் கிளப்பி அதைச் சூடாக்குகிறது. ஆகவே காயிலுக்கு நேர் மேலே இருக்கும் பகுதிதான் நேரடியாகச் சூடாகும். மேலே அச்சிட்டிருக்கும் வட்டத்தைப் பார்த்து அதுதான் காயிலின் அளவு என்று நம்பிவிடுகிறோம், ஆனால் மலிவான ஒற்றை அடுப்புகளில் வட்டம் பெரிதாகவும் உள்ளே காயில் அதைவிடச் சிறிதாகவும் இருப்பது சாதாரணம். அதில் அகலமான தவாவை வைத்தால் நடுவில் கருகும், ஓரம் வேகாது. கடையில் போட்டுக் காட்டச் சொல்ல முடிந்தால், அகலமான பாத்திரத்தில் ஒரு விரல் ஆழம் தண்ணீர் ஊற்றி முழு வேகத்தில் வையுங்கள். முதல் குமிழிகள் ஒரு வளையமாகக் கிளம்பும். அந்த வளையம்தான் உங்கள் காயில்.

அதே தண்ணீரை வைத்து இன்னொன்றையும் பார்த்துவிடலாம். அடுப்பை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிட்டு ஓரிரு நிமிடம் கவனியுங்கள். நல்ல அடுப்பில் தண்ணீர் ஒரே சீராக மெல்லச் சலசலக்கும். சுமாரான அடுப்பில் சில நொடி தளதளவென்று கொதித்து, பிறகு சுத்தமாக அடங்கி, மறுபடியும் கொதிக்கும். அது வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் முழுசாகப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி சராசரியைக் காட்டுகிறது. பால் பொங்குவதும், கெட்டியான குழம்பு அடிபிடிப்பதும் இதனால்தான். அதிக வாட் எல்லா அடுப்பிலும் கிடைக்கிறது, ஒழுங்கான சிம் கிடைப்பதுதான் அரிது. காசை அதற்குக் கொடுங்கள்.

திரையில் 180 டிகிரி என்று காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலான அடுப்புகளில் சென்சார் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, அது அளப்பது கண்ணாடியின் சூட்டை. எண்ணெயின் உண்மையான சூடு அதிலிருந்து நன்றாகவே மாறுபடலாம். காலிப் பாத்திரத்தை முழு வேகத்தில் வைத்தால் சென்சாருக்கு விஷயம் தெரிவதற்குள் அடி பழுத்து வளைந்தே போகலாம்.

அடுத்தது வயரிங். இதில் அலட்சியம் கூடவே கூடாது. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும், அதை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலோ சொருகினால் வயர் சூடாகி இளகும். 120 வோல்ட் நாடுகளில் சாதாரண பிளக்கில் சொருகும் அடுப்புகள் 1800 வாட்டோடு நின்றுவிடுவதும் இந்தக் கணக்கால்தான். நான்கு அடுப்புள்ள மேடை அடுப்பு 7400 வாட் என்றால் 32 ஆம்பியர், தனி லைன், தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். கீழே ஓவனும் சேர்ந்த ரேஞ்ச் என்றால் இன்னும் கூடும். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள், அடுப்பு வீட்டுக்கு வந்த பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

நான்கு அடுப்பு என்றால் நான்கும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரியும் என்றும் நினைக்க வேண்டாம். பல மாடல்களில் ஒரு பக்கத்து இரண்டும் ஒரே மின்திறனைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒன்றில் பூஸ்ட் (கூடுதல் வேகம்) போட்டால் பக்கத்து அடுப்பு தானாகவே இறங்கிவிடும். எந்த இரண்டு ஜோடி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திர விஷயம் எல்லோருக்கும் தெரியும், காந்தம் ஒட்ட வேண்டும். ஆனால் பக்கவாட்டில் ஒட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள், ஒட்டிப் பார்க்க வேண்டியது அடியில். எவர்சில்வர் எல்லாமே வேலை செய்யும் என்பதும் தப்பு, காந்தம் ஒட்டாத எவர்சில்வர் நிறைய உண்டு. வார்ப்பிரும்பும் எனாமல் பூசிய இரும்பும் அருமையாக வேலை செய்யும். அலுமினியப் பாத்திரத்தின் அடியில் புள்ளிபுள்ளியாக இரும்பு பதித்தவை இருக்கின்றன, அவற்றில் காந்தம் லேசாகத்தான் ஒட்டும், சூடும் அப்படித்தான் வரும். குழிவான வாணலி தட்டையான கண்ணாடியில் சரிப்படாது. பழைய பாத்திரங்களைக் காப்பாற்ற நடுவில் வைக்கும் இரும்புத் தட்டு ஒன்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். தட்டு சூடாகி, அது பாத்திரத்தைச் சூடாக்கி, வேகமும் சிக்கனமும் வழியிலேயே போய்விடும், அதிகச் சூட்டில் கண்ணாடிக்கும் கேடு.

தொடுதிரை பார்க்க அழகு, ஆனால் பொங்கி வழிந்தது பட்டன்மேல் பரவினால் பல அடுப்புகள் பீப் அடித்து அணைந்துவிடும், ஈர விரலையும் மதிக்காது. திருகும் குமிழ் உள்ள மாடல் கிடைத்தால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன், முக்கியமாக வயதானவர்கள் சமைக்கும் வீட்டில். காற்றுப் போக அடியில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அதைத் தச்சரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஓடும் அடுப்புக்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே குறைந்தது 60 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் சொல்லும் அளவு. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்தான் அந்த வீட்டில் தினமும் அடுப்பை ஒட்டி நின்று கிளறுபவர் என்றால், மாடல் பார்க்கப் போவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.