அம்மாவுக்கு ஊரில் கீமோ, நீங்கள் சிங்கப்பூரில்: தூரத்துப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைகள்

ஊரில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புற்றுநோய் என்று போன் வந்ததும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் முதலில் செய்வது டிக்கெட் போடுவதுதான். மனசு கேட்காது, சரி. ஆனால் இருக்கிற லீவையெல்லாம் பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற வாரத்திலேயே தீர்த்துவிட்டு, அண்ணன் தம்பி அக்கா எல்லாரும் ஒன்றாக வந்து ஒன்றாகக் கிளம்பிப் போய்விட்டால், நிஜமாகவே ஆள் தேவைப்படுகிற நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆபரேஷன் தேதி, அப்புறம் முதல் கீமோ முடிந்த இரண்டாவது வாரம், இந்த இரண்டுக்கும் ஒருவராவது வந்து நிற்கிற மாதிரி முறை போட்டுக்கொள்ளுங்கள். கீமோ ஏற்றிய அன்று பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பார்கள். ரத்த அணுக்கள் குறைந்து உடம்பு தளர்வது ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும். ரேடியேஷன் என்றால் கணக்கு வேறு, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும், பல வாரங்கள் ஓடும். அதற்கு வந்து போகிற பிள்ளையை நம்ப முடியாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க ஒரு இடமும் தினமும் வருகிற ஒரு ஆட்டோவும்தான் வேண்டும். இரண்டையும் நீங்கள் அங்கிருந்தே போனில் ஏற்பாடு செய்யலாம்.

அடுத்தது, முடிவு யார் எடுப்பது. கூட இருக்கிறவர்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நோயாளியிடம் கேட்டுவிட்டு, டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்த ஒருவர் சொல்வதுதான் வீட்டின் பதில். பெரும்பாலான வீடுகளில் அது மருமகளாகவோ உள்ளூரில் கட்டிக்கொடுத்த மகளாகவோ இருக்கும். வேலை முழுக்க அவர் தலையில், ஆலோசனை மட்டும் நியூ ஜெர்சியிலிருந்து வரும். யூடியூபில் பார்த்ததை வைத்துக்கொண்டு "அந்த மருந்தை ஏன் இன்னும் ஆரம்பிக்கலை" என்று ராத்திரி பதினோரு மணிக்கு மதினியைக் கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த ஓபியில் அவர் கேட்டுவிடுவார். ஓபியில் கிடைப்பது ஐந்து நிமிஷம், அதில் பதினைந்து கேள்வி போகாது. இது முழுசா குணமாக்குகிற சிகிச்சையா, கட்டுக்குள் வைக்கிறதா? அடுத்து என்ன, எப்போது? எது நடந்தால் உடனே ஓடி வர வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் காத்திருக்கலாம். டாக்டர் சம்மதித்தால் போனை ஸ்பீக்கரில் போட்டு நீங்களும் கேட்கலாம், சம்மதிக்காவிட்டால் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

தூரத்தில் இருக்கிறவருக்கு முழுசாகச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடிய வேலை ஒன்று இருக்கிறது என்றால் அது ஃபைல்தான். ஆஸ்பத்திரி மஞ்சப்பைக்குள் மடங்கிக் கிடக்கிற காகிதங்கள் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் அதைத் தேதி வாரியாகப் பெயரிட்டு ஒரு டிரைவில் அடுக்குங்கள்: "2025-06-14 பயாப்சி", "2025-06-20 ரத்தம்" என்று வருஷத்தை முன்னால் வைத்தால் தானாகவே வரிசையில் நிற்கும். ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோ எதற்கும் உதவாது, சிடியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பயாப்சி செய்த லேப்பில், எடுத்த சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் அதிலிருந்து சீவி எடுத்த ஸ்லைடும் இருக்கும். வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஒத்துக்கொள்ளாமல் அந்த பிளாக்கைக் கேட்பார்கள், அது தொலைந்தால் திரும்ப ஊசி குத்த வேண்டி வரலாம். ஃபைல் சரியாக இருந்தால் இரண்டாவது கருத்து வாங்குவதும் எளிது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியும், நாடு முழுக்க உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பான நேஷனல் கேன்சர் கிரிடும் சேர்ந்து நவ்யா என்கிற ஆன்லைன் சேவை வழியாக ரிப்போர்ட்டுகளைப் பார்த்து எழுத்தில் கருத்து தருகிறார்கள். அப்பாவை மும்பைக்கு இழுத்துக்கொண்டு போகாமல் நீங்கள் உங்கள் மேஜையிலிருந்தே அனுப்பிவிடலாம்.

கட்டாயம் போக வேண்டி வந்தால், புற்றுநோய் நோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டு, ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் அவருக்கு முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும்.

இப்போது காய்ச்சல். கீமோ ஓடுகிற காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, வெள்ளை அணு குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். பாராசிட்டமால் போட்டுப் படுக்கவைத்து "காலையில் பார்க்கலாம்" என்பது கூடவே கூடாது, அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், போனதும் "கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், கடைசியாக எடுத்தது இந்தத் தேதி" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைக்கச் சொல்லுங்கள், நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற கணக்கெல்லாம் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஊரில் ராத்திரி 2 மணி என்றால் அங்கே மத்தியானமோ சாயங்காலமோதான், எல்லாரும் முழித்திருப்பார்கள். அதனால் ராத்திரிப் போன் உங்களுக்கு வரட்டும். பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி 108-ஐக் கூப்பிடச் சொல்வதோ தெரிந்த கார் டிரைவரை எழுப்புவதோ, ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதோ நீங்கள் செய்தால், வீட்டில் இருக்கிறவர் துணி எடுத்து வைத்துக் கிளம்பத் தயாராகலாம்.

சொந்தக்காரர் வாட்ஸாப் குரூப் தனி ரகம். முள் சீத்தாப்பழம் சாப்பிட்டால் குணமாகும் என்று சித்தப்பா அனுப்புவார், யாரோ ஒருவர் கோமியம், இன்னொருவர் கேரளாவில் ஒரு வைத்தியர். அதற்கெல்லாம் பதில் சொல்கிற வேலையை மதினியிடம் விடாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்களே நாலு வரி எழுதிப் போட்டுவிட்டால், தினமும் அம்மாவுக்கு வருகிற இருபது போன் பாதியாகக் குறையும். மூலிகை எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். சிலது கல்லீரலைப் பாதிக்கும், அப்புறம் கீமோவையே தள்ளிப் போட வேண்டி வரும்.

பணம் அனுப்புகிறோமே என்று நினைப்பவர்கள் எந்தக் கணக்கில் அனுப்புகிறோம் என்பதையும் பாருங்கள். அப்பா பெயரில் மட்டும் இருக்கிற கணக்கில் பணம் கிடந்து, அவர் ஐசியூவில் இருந்தால், கவுன்டரில் அட்வான்ஸ் கட்ட யாராலும் முடியாது. கூட இருப்பவர் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், ஒரே நாளில் முடிகிற கீமோவும் டேகேர் சிகிச்சையாகக் கணக்கில் வரும், ஆனால் பல கம்பெனிகளில் ஒவ்வொரு சைக்கிளுக்கும், அதாவது கீமோவின் ஒவ்வொரு சுற்றுக்கும், தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அந்த மெயில் விரட்டுகிற வேலை உங்களுடையது. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இருக்கிறதா என்று முதல் வாரமே தேடச் சொல்லுங்கள். இதெல்லாம் போக, மாதம் ஒரு சமையல்காரம்மாவுக்குச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள், வீட்டில் இருக்கிறவருக்கு மூச்சு வரும்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்கிற சண்டை நம் வீடுகளில் நிச்சயம் வரும். "கட்டி, கரைக்க மருந்து" என்று சொல்லி மறைக்கிறவர்கள்தான் அதிகம். வார்டில் பக்கத்துக் கட்டிலில் மொட்டைத் தலையோடு நாலு பேர் இருக்கும்போது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என்ன தெரிய வேண்டும் என்று அவரையே கேட்கிற தைரியம் யாருக்காவது இருந்தால் கேளுங்கள். "எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க" என்றால் அதுவும் ஒரு பதில்தான். ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லக் கூடாது, துபாயிலிருந்து ஒரு கதை, கோயம்புத்தூரிலிருந்து ஒரு கதை என்றால் அவர் யாரையும் நம்ப மாட்டார்.

வலிக்கு டாக்டர் மார்ஃபின் எழுதினால் தூரத்தில் இருந்து தடுக்காதீர்கள். அடிமையாகிவிடுவார் என்று பயந்து பாதி மாத்திரை கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன, ராத்திரி முழுக்க முனகிக்கொண்டே கிடப்பது அவர்தான். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பது வேறு, போதைக்குப் போவது வேறு. சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், வலி வந்தபிறகு கொடுப்பதற்காக எடுத்து வைக்கக் கூடாது. மார்ஃபின் மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்கான மருந்தும் அதே சீட்டில் இருக்கிறதா என்று போட்டோவைப் பெரிசாக்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் மறுநாளே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.