உறைபனி விழுந்த வயலில், வறண்ட காலத்தில் தானிய அறுவடை: புதியவர்களுக்கான செய்முறை

இலையுதிர் காலம் வந்துவிட்டால் கோதுமை, பார்லி, மக்காச்சோளம் பயிரிடுகிறவர்களை இரண்டு கவலைகள் பிடித்துக்கொள்ளும். கதிர் முற்றுவதற்குள் உறைபனி இறங்கிவிடுமோ என்பது ஒன்று. மழையே இல்லாமல் பயிர் அளவுக்கு மீறிக் காய்ந்து மணி உதிர்ந்துவிடுமோ, வயல் தீப்பிடித்துவிடுமோ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வாரத்தில் வருவதும் உண்டு. பகலில் பயிரைக் காயவைக்கிற அதே மேகமில்லாத வானம்தான் இரவில் நிலத்தின் சூட்டையெல்லாம் வெளியே விட்டு உறைபனியைக் கொண்டுவருகிறது.

புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள் இந்த நேரத்தில் இலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இலை கருகினால் பயிரே போய்விட்டது என்று நினைக்கிறார்கள். வயல் வெளுத்துவிட்டால் உடனே அறுக்கலாம் என்று இறங்கிவிடுகிறார்கள். இலை சொல்வதை நம்ப வேண்டாம். மணியை எடுத்துப் பாருங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதைச் சுற்றியே வருகின்றன.

படி 1: வெப்பமானியைக் கதிர் உயரத்தில் வையுங்கள்

வானிலை நிலையங்கள் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் வெப்பத்தை அளக்கின்றன. காற்றில்லாத தெளிந்த இரவில் பயிரின் மட்டத்தில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கலாம். ஆகவே அறிவிப்பில் 2 டிகிரி செல்சியஸ் என்று இருந்தாலும் உங்கள் வயலில் உறைபனி விழ இடமுண்டு. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால் வயலின் தாழ்வான மூலையில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிவு செய்கிற வெப்பமானிகளை நட்டு வையுங்கள்.

எவ்வளவு இறங்கியது என்பதோடு எத்தனை மணி நேரம் அங்கேயே நின்றது என்பதும் முக்கியம். பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு உடனே ஏறினால் பெரிய சேதம் இருக்காது. மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் நின்றால் மக்காச்சோளச் செடியின் வளர்ச்சி அதோடு முடிந்தது.

படி 2: மணி எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

வயலின் பல இடங்களில் கதிர்களைப் பறித்து, நடுவிலுள்ள மணியை நகத்தால் நசுக்குங்கள். வெள்ளைப் பால் வந்தால் பால் பருவம். பிசைந்த மாவு மாதிரி வந்தால் இளமாவுப் பருவம். நகம் தடம் மட்டும் பதித்து, ஒன்றும் வெளியே வராவிட்டால் முற்றிய மாவுப் பருவம்.

கோதுமையில் மணியின் ஈரப்பதம் சுமார் 35 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் அது நிரம்பி முடிந்துவிட்டது. அதற்குப் பின் வரும் பனியால் மகசூல் அதிகம் குறையாது. பால் பருவத்தில் பனி பட்டால் மணி சுருங்கி, எடையில்லாமல் போய்விடும். மக்காச்சோளத்தில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். மணியைப் பிய்த்து, கதிர்த்தண்டில் ஒட்டியிருந்த நுனியைச் சுரண்டிப் பாருங்கள். அங்கே கருப்பு அடுக்கு தெரிந்தால் மணி முற்றிவிட்டது, பனியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

படி 3: பனி விழுந்த மறுநாளே தீர்ப்பு எழுதாதீர்கள்

சேதம் முழுதாக வெளியே தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். அதன்பின் திரும்பவும் கதிர்களைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். அடிபட்ட மணி சாம்பல் நிறத்தில் நீர்த்துப்போயோ, தோல் சுருங்கியோ இருக்கும். பள்ளத்தையும் மேட்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அறுவடையில் அவற்றைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பயிர் இளசாகவே அடிபட்டிருந்தால் தானியத்துக்காகக் காத்திருப்பதைவிட ஊறுகாய்த் தீவனமாக (பச்சையாக வெட்டி, காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவைக்கும் மாட்டுத் தீவனம்) வெட்டிவிடுவது லாபமாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: உறைபனி பட்ட சோளப் பயிரில் (மக்காச்சோளம் அல்ல) ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷம் உருவாகும். அதில் உடனே மாடுகளை மேயவிட்டால் மாடுகள் செத்துப்போகும். பனியில் செடி முழுதும் செத்திருந்தால் குறைந்தது ஒரு வாரமாவது பொறுங்கள். அடியிலிருந்து புதுத் துளிர் வந்தால் அதில் விஷம் இன்னும் அதிகம்.

படி 4: அறுக்கும் நாளை ஈரப்பதமானி சொல்லட்டும்

பனியில் இலை செத்த வயல் வெளியே காய்ந்து தெரியும், உள்ளே மணி ஈரமாக இருக்கும். பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்துக் கலந்து அளவிடுங்கள். மணி குளிர்ந்திருந்தால் கருவி தவறாகக் காட்டக்கூடும், அறை வெப்பத்துக்கு வந்தபின் அளவிடுவது நல்லது.

அதிகமாகக் காயவிடுவதும் நஷ்டம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13.5 சதவீத ஈரத்தில் 10,000 கிலோ கோதுமை இருந்தால் அதில் உலர்பொருள் 8,650 கிலோ. அதே கோதுமை 10 சதவீதத்துக்குக் காய்ந்துவிட்டால் எடை சுமார் 9,610 கிலோதான். ஒரு மணிகூட உதிராமலே ஏறக்குறைய 390 கிலோ விற்பனை எடை காற்றில் போய்விடுகிறது. உதிர்கிறதும் உடைகிறதும் இதற்கு மேல்.

படி 5: இயந்திரத்தை மென்மையாக ஓட்டுங்கள்

காய்ந்த மணி சட்டென்று உடையும். கதிரடிக்கும் உருளையின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், உருளைக்கும் அதன் அடியில் வளைந்திருக்கும் சல்லடைத் தட்டான கான்கேவுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். கதிரில் மணி ஒட்டிக்கொண்டே வெளியேற ஆரம்பித்தால் அளவு தாண்டிவிட்டது, ஒரு படி திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. முன்னால் சுழலும் ரீல், வண்டியின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகச் சுற்றினால் போதும். வேகமாகச் சுற்றினால் அதுவே கதிரை அடித்து உதிர்த்துவிடும். காலை, மாலை வேளைகளில் காற்றில் லேசான ஈரம் இருக்கும்போது அறுத்தால் உதிர்வு குறையும்.

சிறிது தூரம் அறுத்தபின் இறங்கி, ஒரு சதுர மீட்டர் சட்டத்தை வெட்டிய அகலத்தில் பல இடங்களில் போட்டு, கீழே கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். ஆயிரம் மணி 35 கிராம் எடையுள்ள கோதுமையில், சதுர மீட்டருக்குச் சராசரியாக 100 மணி கிடந்தால் ஹெக்டேருக்கு 35 கிலோ போகிறது என்று பொருள். அறுக்காத பயிருக்குள்ளும் ஒருமுறை எண்ணுங்கள். அங்கே கிடப்பது தானாக உதிர்ந்தது, அதற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது.

படி 6: தீ

இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். காய்ந்த வயலில் அறுவடை இயந்திரமே தீக்குச்சி. சூடான புகைக்குழாயின் மேல் படிந்த தூசியும் உமியும், தேய்ந்துபோன பேரிங்கும், கல்லில் உரசும் இரும்பும் போதும்.

தினமும் வேலை தொடங்கும் முன் காற்றழுத்தக் குழாயால் என்ஜின் பகுதியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வெயில் கடுமையான நாளில் நடுவிலும் நிறுத்தி ஊதுங்கள். தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் அறையில், இன்னொன்று தரையில் நின்று எட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியும் பம்பும், மண்ணைப் புரட்டித் தீயைத் தடுக்க கலப்பை பூட்டிய டிராக்டரும் வயலோரத்தில் தயாராக நிற்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்த ஓரத்திலிருந்து அறுக்கத் தொடங்குங்கள். அப்போது பொறி பறந்தாலும் அறுத்து முடித்த பக்கம்தான் போகும், நிற்கிற பயிருக்குள் போகாது. பிற்பகலில் வெப்பமும் காற்றும் ஏறி, காற்றின் ஈரம் குறையும்போது வேலையை நிறுத்துங்கள். உங்கள் பகுதித் தீயணைப்புத் துறை தடை விதித்திருந்தால் அதில் பேச்சே கிடையாது. தீப்பிடித்துவிட்டால் என்ஜினை அணைத்து இறங்கி விலகுங்கள், உதவிக்கு அழையுங்கள், அதற்குப் பிறகுதான் தீயணைப்பான்.

படி 7: சேமிப்பு

பனி பட்ட பகுதியின் தானியத்தை மற்றதோடு கலக்காதீர்கள். அதிலுள்ள பச்சை மணிகளும் சுருங்கிய மணிகளும் சீக்கிரம் கெடும். வழக்கமாக 13 அல்லது 14 சதவீதத்தில் சேமிப்பீர்கள் என்றால் இதை ஒன்றிரண்டு சதவீதம் குறைத்து வையுங்கள். நல்ல தானியமும் வெயிலில் அறுத்தது என்றால் சூடாகத்தான் கிடங்குக்கு வரும். காய்ந்திருக்கிறதே என்று விட்டுவிடாமல், இரவின் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தி ஆறவையுங்கள். 15 டிகிரிக்குக் கீழே வந்தால் பூச்சிகள் பெருகுவது ஏறக்குறைய நின்றுவிடும்.

விதைக்கென்று எடுத்து வைப்பதானால் முளைப்புத்திறனைச் சோதிக்காமல் மூட்டை கட்டாதீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் மணியிலும் பனி முளையைக் கொன்றிருக்கலாம். நூறு மணிகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து நல்ல முளைகளை எண்ணுங்கள். சேமிப்பில் முளைப்பு இன்னும் குறையக்கூடும் என்பதால் விதைப்புக்கு முன் இதையே மறுபடியும் செய்யுங்கள்.